பழைய மூன்று வேக சைக்கிளை வீட்டிலேயே சீர்செய்தல்: ஒரு செய்முறைப் பாடம்

 

கல்பாக்கம், புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம், வாயலூர் பகுதிகளில் இன்னும் சில வீடுகளின் மாடிப்படிக்கு அடியிலோ, பின்கட்டுத் தாழ்வாரத்திலோ ஒரு பழைய சைக்கிள் சாய்ந்து நிற்கிறது. பாட்டனார் காலத்தில் வாங்கியது, சீமை வண்டி என்று பெரியவர்கள் சொல்வார்கள். டயர் வெடித்து, செயின் துருப்பிடித்து, சீட்டின் மேல் பழைய சாக்கு கிடக்கும். இரும்புக் கடைக்காரர் வரும்போதெல்லாம் அதை எடைக்குப் போட்டுவிடலாமா என்று பேச்சு எழும்.

அப்படிப் போடுமுன் பின்சக்கரத்தின் நடுவே உள்ள ஹப்பை ஒருமுறை துணியால் துடைத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். அது சாதாரண ஹப்பைவிடத் தடிமனாக இருந்து, வலப்பக்க அச்சு நட்டிலிருந்து மெல்லிய சங்கிலி ஒன்று வெளியே வந்தால், அது மூன்று வேக சைக்கிள். நம் நாட்டில் ஓடிய சைக்கிள்களில் பெரும்பாலானவை ஒரே வேகம் கொண்டவை. எனவே இது அரிய பொருள். நல்ல உழைப்பும் சிறிய செலவும் இருந்தால் மீண்டும் ஓடக்கூடிய பொருளும்கூட. பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களும், வேலை கற்க விரும்பும் இளைஞர்களும் வீட்டுப் பெரியவர்களுடன் சேர்ந்து செய்யத்தக்க வகையில் இப்பாடத்தை எழுதியுள்ளோம்.

1. முதலில் சம்மதம்

ஸ்பானரைத் தொடும் முன் ஒரு கேள்வி: இந்த சைக்கிள் யாருடையது?

பாட்டனாரோ தகப்பனாரோ விட்டுச் சென்ற பொருள் எவ்வளவு சிறிதாயினும் அது வாரிசுச் சொத்தில் சேர்ந்தது. வீட்டையும் மனையையும் பங்கிடும்போது கணக்குப் பார்க்கிறோம். சைக்கிள், தையல் மிஷின், கடிகாரம் போன்றவற்றை, வீட்டில் இருக்கும் ஆண்பிள்ளை தனதாக எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. திருமணமாகி வேறு ஊரில் இருக்கும் சகோதரிக்கும் அதில் பங்கு உண்டு. அவருக்கு ஒரு போன் செய்து, "அத்தாவின் சைக்கிளைச் சரிசெய்து ஓட்டப்போகிறோம், உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்பதில் நமக்கு எந்தக் குறையும் வந்துவிடாது. சில சமயம் அந்த போனிலேயே சைக்கிளின் வரலாறும் கிடைத்துவிடும். எப்போது வாங்கியது, எங்கே வாங்கியது, எந்த நிறத்தில் இருந்தது என்பதெல்லாம் பெண்பிள்ளைகளுக்குத்தான் நினைவிருக்கும்.

தர்மமாகக் கொடுக்க நினைப்பவர்களும் இந்தச் சம்மதத்தைப் பெற்ற பின்பே கொடுக்க வேண்டும். பிறர் பங்கைச் சேர்த்து நாம் தர்மம் செய்ய இயலாது.

2. வண்டியை அடையாளம் காணுதல்

மூன்று வேக ஹப்களில் மிகவும் பரவியது இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் செய்யப்பட்ட ஸ்டர்மி ஆர்ச்சர். ஹென்றி ஸ்டர்மி, ஜேம்ஸ் ஆர்ச்சர் என்ற இருவரின் பெயரால் 1902-இல் தோன்றிய நிறுவனம் அது. ராலே சைக்கிள் நிறுவனத்தின் உரிமையாளர் ஃபிராங்க் பௌடன் அதற்குப் பின்னால் இருந்தார். 1936-இல் அவர்கள் வெளியிட்ட ஏ.டபிள்யூ. என்ற மாதிரி பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமின்றி ஓடியது. 2000-இல் அந்த நிறுவனம் தைவானின் சன்ரேஸ் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. இன்றும் மூன்று வேக ஹப்கள் அங்கே தயாராகின்றன.

ஹப்பின் உடம்பில் நிறுவனத்தின் பெயரும் ஏ.டபிள்யூ. என்ற எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருக்கும். அருகில் எண்களும் இருக்கும். 58, 4 என்று இருந்தால் அந்த ஹப் 1958 ஏப்ரலில் செய்யப்பட்டது என்று பொருள். சைக்கிளின் வயதை அறிய இதுவே எளிய வழி. ஆனால் இடையில் சக்கரத்தை மாற்றியிருக்கலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எழுத்துகள் வேறாக இருந்தால் உள்ளமைப்பும் வேறாக இருக்கும். அப்போது இப்பாடத்தில் உள்ள ஹப் அளவுகள் பொருந்தா.

அடுத்து, முன்புறப் பிரேம் குழாயில் உள்ள பித்தளைச் சின்னத்தைப் பாருங்கள். நாரையின் தலை இருந்தால் அது ராலே. விடுதலைக்குப் பின் இந்த வண்டிகள் நம் நாட்டிலேயே செய்யப்பட்டன. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் சென்னை அம்பத்தூரில் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., ஃபிலிப்ஸ் வண்டிகளைச் செய்தது. மேற்கு வங்கத்தின் அசன்சோலில் 1952-இல் சென்-ராலே தொழிற்சாலை வந்தது. ஆகவே பெயர் ஆங்கிலமாக இருப்பதாலேயே அது இறக்குமதி வண்டி என்று முடிவு கட்ட வேண்டாம். அம்பத்தூரில் நம் மக்கள் உழைத்துச் செய்த வண்டியும் பாதுகாக்கத் தகுந்ததுதான்.

பிரேமில் பழைய தகர வில்லை ஏதேனும் கட்டியிருந்தால் கழற்றி எறியாதீர்கள். சைக்கிளுக்கு ஊராட்சியிலும் நகராட்சியிலும் வரி கட்டி வில்லை வாங்கிய காலம் ஒன்று இருந்தது. அதுவும் வரலாறு.

3. மூன்று வேகம் எப்படி வருகிறது?

ஹப்பின் உள்ளே ஒரு சிறு சூரிய மண்டலமே இருக்கிறது. நடுவே அச்சோடு சேர்ந்து, சுழலாமல் நிற்பது 20 பற்கள் கொண்ட சூரியச் சக்கரம். அதைச் சுற்றி, தலைக்கு 20 பற்கள் கொண்ட நான்கு கோள் சக்கரங்கள் ஒரு கூண்டில் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றை வெளியிலிருந்து சூழ்ந்து, உட்புறம் 60 பற்கள் கொண்ட வளையம் இருக்கும்.

செயின் இழுக்கும் விசை எதன் வழியே உள்ளே போகிறது, எதன் வழியே சக்கரத்துக்கு வருகிறது என்பதை மாற்றினால் வேகம் மாறும்.

இரண்டாம் கியரில் விசை வளையத்துக்குப் போய், வளையத்திலிருந்தே ஹப்புக்கு வருகிறது. பின் பல்சக்கரம் ஒரு சுற்று, சக்கரமும் ஒரு சுற்று.

முதல் கியரில் விசை வளையத்துக்குப் போய், கோள் கூண்டின் வழியே வெளியே வருகிறது. வளையம் ஒரு சுற்று சுற்றினால் கூண்டு 60-ஐ 80-ஆல் வகுத்த அளவு, அதாவது முக்கால் சுற்றுதான் சுற்றும். வேகம் குறையும், மிதிக்க இலகுவாகும்.

மூன்றாம் கியரில் விசை கூண்டுக்குப் போய், வளையத்தின் வழியே வருகிறது. இப்போது கணக்கு தலைகீழ்: 80-ஐ 60-ஆல் வகுத்தால் ஒன்றே கால் சுற்றுக்கும் சற்று அதிகம், 1.33.

46 பல் செயின் வீலும் 18 பல் பின் பல்சக்கரமும் 26 அங்குலச் சக்கரமும் உள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். பெடலை ஒரு முழுச் சுற்று மிதித்தால் முதல் கியரில் சுமார் 4 மீட்டரும், இரண்டில் சுமார் 5.3 மீட்டரும், மூன்றில் சுமார் 7 மீட்டரும் வண்டி நகரும்.

"நம் ஊர்தான் சமதரையாயிற்றே, கியர் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. மாமல்லபுரத்திலிருந்து பிற்பகலில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே கல்பாக்கத்துக்கு சைக்கிள் மிதித்து வந்தவர்கள் இக்கேள்வியைக் கேட்கமாட்டார்கள். தென்கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று முகத்தில் அறையும்போது சுமார் 15 கிலோமீட்டரும் மேடாகத் தோன்றும். பின்னால் கேரியரில் அரிசி மூட்டையோ தம்பி தங்கையோ இருந்தால் சொல்லவே வேண்டாம். முதல் கியர் அதற்குத்தான்.

இன்னொரு நன்மையும் உண்டு. பற்கள் எல்லாம் மூடிய ஹப்புக்குள் எண்ணெயில் இருப்பதால் உப்புக்காற்றும் மணலும் எளிதில் அணுகா. ஐம்பது அறுபது ஆண்டு பழைய ஹப், வெளியே துருவேறியிருந்தாலும் உள்ளே நல்ல நிலையில் இருப்பது இதனால்தான்.

4. பிரேமைச் சோதித்தல்

பணம் செலவழிக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை இது. கடலோரத்தில் துரு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. மழைநீர் சீட்டுக் குழாய் வழியே உள்ளே இறங்கி, பெடல் அச்சு இருக்கும் கீழ்க்கூட்டில் தேங்கி, உள்ளிருந்து தின்னும்.

வண்டியைத் தலைகீழாக நிறுத்தி மூன்று இடங்களைப் பாருங்கள்: கீழ்க்கூட்டின் அடிப்பகுதி, ஹேண்டில் பார் இறங்கும் குழாய்க்குப் பின்னால் உள்ள இணைப்புகள், போர்க்கின் தலைப்பகுதி. பெயின்ட் சுருக்கம் விழுந்தோ கொப்புளமாகவோ இருந்தால் சுரண்டிப் பாருங்கள். ஒரு நாணயத்தால் குழாய் நெடுகத் தட்டினால் நல்ல குழாய் கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும்.

விரிசல் இருந்தாலோ, துரு குழாயை ஓட்டையாக்கியிருந்தாலோ, போர்க் வளைந்திருந்தாலோ அந்த வண்டியை ஓட்டக்கூடாது. பற்றவைத்துப் பெயின்ட் அடித்தால் பார்வைக்குச் சரியாகிவிடும், ஆனால் ஓடும்போது போர்க் முறிந்தால் விழுவது முகம் குப்புற. அப்படிப்பட்ட வண்டியின் ஹப், செயின் வீல், பெல் முதலியவற்றைக் கழற்றி வேறொரு வண்டிக்குப் பயன்படுத்துங்கள்.

5. கழற்றும் முறை

கழற்றும் முன் செல்போனில் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பகுதியின் நட்டு, வாஷர்களையும் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். பின்சக்கர அச்சில், அச்சு திரும்பாமல் தடுக்கும் காதுள்ள வாஷர்கள் இருக்கும். அவற்றைச் சாதாரண வாஷர் என்று நினைத்துத் தொலைத்துவிட்டால் கியர் சரியாக வேலை செய்யாது.

துருவேறிய நட்டுகளுக்கு முதல்நாள் இரவே எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது. அதைக் கழற்ற வலப்பக்கமாகத் திருப்ப வேண்டும். இதை அறியாமல் பலத்தைக் காட்டினால் கிராங்க் பாழாகும்.

கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின்னைக் கழற்றுவதுதான் கடினம். நட்டை முழுதும் எடுத்துவிடாமல், மரையின் நுனி மட்டத்துக்குத் திருகி வைத்துக்கொள்ளுங்கள். கிராங்குக்கு அடியில், பின் வெளியே வரும் துளையைச் சுற்றி ஒரு இரும்புக் குழாய்த் துண்டைத் தரையில் ஊன்றி முட்டுக்கொடுங்கள். பிறகு சுத்தியலால் ஓங்கி ஒரே அடி. முட்டுக்கொடுக்காமல் பல முறை தட்டினால் பின் வளையும், உள்ளிருக்கும் பால்ரஸ்களும் தடம் பதிந்து கெடும். வெளியே எடுத்த பின்னைக் கடைக்குக் கையோடு எடுத்துச் சென்று அதே தடிமனில் புதிது வாங்குங்கள்.

நாட்டிங்ஹாமில் செய்த ராலே வண்டிகளின் கீழ்க்கூட்டு மரை அங்குலத்துக்கு 26. மற்ற வண்டிகளில் 24. நம் ஊர்க் கடையில் கிடைக்கும் கப்பை அதில் வைத்து முறுக்கினால் இரண்டும் கெடும். எனவே ராலேயின் பழைய கப்பைத் தேய்மானம் இருந்தாலும் எறியாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

6. துருவும் பெயின்டும்

குரோமியம் முலாம் பூசிய ஹேண்டில் பார், ரிம் ஆகியவற்றில் மேலோட்டமான துரு இருந்தால், கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போதும். பித்தளை பெல், விளக்கு ஆகியவற்றுக்கு வீட்டுப் புளி போதும். துரு அதிகமுள்ள சிறு பாகங்களை எலுமிச்சை உப்புக் கரைசலில் சில மணி நேரம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் கழுவி, உடனே உலர்த்தி எண்ணெய் தடவுங்கள்.

பிரேமின் பழைய பெயின்டை எடுக்கவேண்டாம் என்பதே எங்கள் பரிந்துரை. தங்கக் கோடுகளும் நிறுவன முத்திரையும் ஒருமுறை போனால் திரும்பா. ஈரத் துணியால் துடைத்து, மெழுகு பூசினால் மங்கிய கறுப்பு நிறமே அழகாகத் தெளியும். துரு தெரியும் இடத்தில் மட்டும் சுரண்டி, பிரைமரும் பெயின்டும் தொட்டு வைக்கலாம்.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. அக்காலப் பெயின்டுகளில் ஈயம் கலந்திருக்கலாம். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் எழும் தூசி சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தேய்க்க வேண்டிய இடத்தைத் தண்ணீர் விட்டு நனைத்துத் தேயுங்கள். முகக்கவசம் அணியுங்கள். கீழே செய்தித்தாள் விரித்து, வேலை முடிந்ததும் சுருட்டி அப்புறப்படுத்துங்கள். அந்தக் கையோடு சாப்பிடாதீர்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்த இடத்தில் இருக்கவேண்டாம். பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவுபவர்கள் அடுப்பங்கரையை விட்டு விலகி, திறந்த இடத்தில் கழுவுங்கள்.

தோல் சீட்டு இருந்தால் நீரில் நனைக்கக்கூடாது. தேங்காயெண்ணெயை ஊற்றி ஊறவைத்தாலும் தோல் தளர்ந்து தொட்டில்போல் தொங்கிவிடும். தோலுக்குரிய மெழுகை அடிப்பக்கத்தில் சிறிது தடவி உலரவிடுவது போதும்.

7. பால்ரஸ், சக்கரம், செயின்

பால்ரஸ்கள் விலை குறைந்தவை. பழையதைச் சேர்த்துப் போடாமல் முழுதும் புதிதாகப் போடுங்கள். முன் ஹப்பில் பக்கத்துக்கு 10 வீதம் 3/16 அங்குலம், கீழ்க்கூட்டில் பக்கத்துக்கு 11 வீதம் கால் அங்குலம் என்பது பொதுவான அளவு. கழற்றும்போது எண்ணி, அளந்து பாருங்கள். கிரீஸ் தாராளமாக வையுங்கள். கோனை இறுக்கியபின் அச்சு ஆடவும் கூடாது, சுழற்றும்போது கரகரக்கவும் கூடாது.

சக்கரங்களில் முன்னே 32 கம்பி, பின்னே 40 கம்பி இருக்கும். நம் ஊர் சைக்கிள்களிலும் இதே கணக்குத்தான். கோட்டம் எடுப்பது தனிக் கலை. வீட்டிலேயே முயல்வதைவிட, ஊரில் இருக்கும் பழைய சைக்கிள் கடைக்காரரிடம் கொடுத்து, அருகில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்வது நல்லது. அவருக்கும் வருமானம், நமக்கும் பாடம்.

டயர் அளவு குறித்துக் கவலைப்பட வேண்டாம். இங்கிலாந்தில் அரிதாகிவிட்ட 28 x 1½ டயர் நம் நாட்டில் சாதாரண சைக்கிள் கடையிலேயே கிடைக்கும், ஏனெனில் நம் பெரிய சைக்கிள்கள் அந்த அளவிலேயே தொடர்ந்து செய்யப்பட்டு வந்தன. சிறிய வண்டிகளுக்கு 26 x 1⅜ தேவை. 26 என்று மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாத டயர் வந்துவிடும். முழு எண்ணையும் சொல்லிக் கேளுங்கள்.

செயினில் 24 கண்ணிகள் புதிதாக இருக்கும்போது சரியாக 12 அங்குலம் இருக்கும். அளந்து பார்த்து 12⅛ அங்குலம் வந்தால் செயினை மாற்றிவிடுங்கள்.

8. ஹப்பை உயிர்ப்பித்தல்

பலரும் செய்யத் துடிப்பது, ஹப்பை உடனே பிரித்துப் பார்ப்பது. பொறுங்கள். பத்தில் பல ஹப்களுக்கு எண்ணெய் மட்டுமே போதும்.

ஹப்பின் உடம்பில் சிறு மூடி ஒன்று இருக்கும். அதைத் திறந்து, துரு இளக்கும் மெல்லிய எண்ணெயைச் சிறிது விட்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் சுழற்றி, ஒரு இரவு படுக்க வையுங்கள். மறுநாள் கறுப்பாக வடிவதைத் துடைத்துவிட்டு, மீண்டும் அவ்வாறே செய்யுங்கள். வடிவது தெளிவானதும் மோட்டார் என்ஜின் எண்ணெய் ஒரு தேக்கரண்டி விடுங்கள். பிறகு மாதம் ஒருமுறை சில சொட்டுகள் போதும். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், சமையல் எண்ணெய் எதுவும் ஆகாது. அவை நாளடைவில் பிசின்போல் இறுகிவிடும். ஹப்பின் உள்ளே பல்சக்கரங்களுக்கு கிரீஸும் ஆகாது. உள்ளிருக்கும் சிறு கொக்கிகள் கிரீஸில் ஒட்டிக்கொண்டு நிமிராமல் போகும்.

சோதிப்பது எளிது. சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுற்றுங்கள். இரண்டிலும் மூன்றிலும் மெல்லிய டிக் டிக் ஒலி கேட்க வேண்டும். முதல் கியரில் ஒலி இராது. இரண்டில் ஒலியே இல்லை, முதல் கியரில் பெடல் வெறுமனே சுற்றுகிறது என்றால் கொக்கி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள்.

சில வண்டிகளில் ஹப்பிலேயே டைனமோவும் இருக்கும். ஏ.ஜி. என்று பொறித்திருப்பது அந்த வகை. அதன் காந்தத்தைக் கம்பிச் சுருளிலிருந்து பிரித்து எடுத்தால் காந்தசக்தி குறைந்துவிடும். அதைத் தொடவே வேண்டாம்.

9. கியர் கேபிளைச் சரிசெய்தல்

இப்பாடத்தின் மிக முக்கியமான பகுதி இதுவே. ஏ.டபிள்யூ. ஹப்பில் இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் இடையே விசையே சேராத ஒரு நிலை உண்டு. கேபிள் சரியான அளவில் இல்லையென்றால் ஹப் அந்த நிலையில் போய் நிற்கும். எழுந்து நின்று மிதிக்கும் நேரத்தில் பெடல் திடீரென்று வெறுமையாகிவிடும். மிதிப்பவர் முன்குழாய் மீது விழுவார், அல்லது சாலையில் விழுவார்.

சரிசெய்யும் முறை: முதலில் கேபிளைக் கழற்றி, அச்சிலிருந்து வரும் சிறு சங்கிலியை விரலால் முடிவு வரை உள்ளே திருகுங்கள். பிறகு சங்கிலி கேபிளின் திசைக்கு நேராக வரும்படி அதிகபட்சம் அரைச் சுற்று தளர்த்துங்கள். கேபிளை இணைத்து, கைப்பிடியில் உள்ள நெம்புகோலை இரண்டாம் கியரில் வையுங்கள். வலப்பக்க அச்சு நட்டில் ஒரு துளை இருக்கும். அதன் வழியே பார்த்தால், சங்கிலியோடு சேர்ந்த கம்பியின் தோள்பகுதி அச்சின் முனையோடு சமமாக இருக்க வேண்டும். சமமாக இல்லையென்றால் திருகும் குழலைத் திருப்பிச் சமமாக்கி, பூட்டு நட்டை இறுக்குங்கள். மூன்று கியரிலும் மாற்றிப் பார்த்து, மீண்டும் இரண்டில் வைத்துச் சரிபாருங்கள்.

கியர் மாற்றும்போது மிதிப்பதை ஒரு கணம் நிறுத்த வேண்டும். வண்டி நிற்கும்போதும் மாற்றலாம் என்பது இந்த ஹப்பின் சிறப்பு. கேபிள் அறுந்துவிட்டால் ஹப் தானாக மூன்றாம் கியருக்குப் போய்விடும். மிதிக்கக் கனமாக இருக்கும், ஆனால் வீடு வந்து சேரலாம்.

10. பிரேக்

கம்பி பிரேக்காயினும் கேபிள் பிரேக்காயினும் ரப்பர் கட்டைகளைப் புதிதாகப் போடுங்கள். பிரேக் பிடிக்கும்போது சுழலும் ரிம் ரப்பரை எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் கூட்டின் மூடிய முனை இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் முதல் பலத்த பிரேக்கிலேயே ரப்பர் நழுவி வெளியே போய்விடும்.

பழைய ரிம்கள் எஃகால் ஆனவை. நனைந்தால் பிடிப்பு வெகுவாகக் குறையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வண்டியை ஓட்டுபவர்கள் வழக்கத்தைவிட முன்கூட்டியே பிரேக் பிடிக்கத் தொடங்க வேண்டும். லாரிகளும் பேருந்துகளும் விரையும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் பின்பக்கச் சிவப்பு விளக்கு இல்லாமல் போகவே கூடாது. வண்டியின் பழமை கெட்டுவிடுமே என்று விளக்குப் பொருத்தத் தயங்குபவர்கள், அதை வீட்டில் வைத்துப் பார்த்து மகிழலாம், சாலைக்குக் கொண்டுவர வேண்டாம்.

11. சீர்செய்த வண்டி யாருக்கு?

புனேயில் விக்ரம் பெண்ட்சே என்பவர் பழைய சைக்கிள்களைச் சேகரித்து அருங்காட்சியகமே அமைத்திருக்கிறார். அது ஒரு நல்ல பணி. நம் வீடுகளில் இருப்பதோ ஒற்றை வண்டி. அது ஓடினால்தான் பயன்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் கற்றார்கள். அவர்களுள் முஸ்லிம் பெண்களும் இருந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். பேருந்துக்காகக் காத்துக் கிடந்த நேரமும், யாராவது அழைத்துப் போகவேண்டும் என்ற நிலையும் அவர்களுக்கு மாறின.

இன்று அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கிடைக்கிறது. அந்த வகுப்பை எட்டாத பிள்ளைகளுக்கும், படிப்பை முடித்து வேலைக்குப் போகும் பெண்களுக்கும், ஹோட்டலிலும் கடையிலும் கூலி வேலை பார்க்கும் சகோதரர்களுக்கும் சைக்கிள் இல்லை. ஷேர் ஆட்டோவுக்குத் தினமும் கொடுப்பது அவர்களுடைய வருமானத்தில் சிறு தொகை அல்ல. சீட்டு உயரத்தைக் குறைத்தும் கால் தரைக்கு எட்டாத சிறுபிள்ளைக்கு இந்தப் பெரிய வண்டியைக் கொடுக்காதீர்கள். சரியான உயரம் உள்ளவருக்குக் கொடுங்கள்.

கொடுப்பதாக இருந்தால் பிரேக், கியர், விளக்கு மூன்றையும் நீங்களே ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். உங்கள் சொந்தப் பிள்ளையை அதில் அனுப்பத் தயங்குவீர்கள் என்றால் அது தர்மத்துக்கும் தகுதியற்றது. கியர் மாற்றும் முறையை அருகில் நின்று சொல்லிக்கொடுங்கள். எண்ணெய் டப்பா ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். ஓடும் காலமெல்லாம் அதன் நன்மை உங்களுக்கும், அதை முதலில் வாங்கியவருக்கும் சேரும், இன்ஷா அல்லாஹ்.

பயிற்சி வினாக்கள்

1. உங்கள் வீட்டு சைக்கிளின் செயின் வீல் பற்களையும் பின் பல்சக்கரத்தின் பற்களையும் எண்ணுங்கள். பின்சக்கரத்தின் சுற்றளவை நூலால் அளந்து, பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி எத்தனை மீட்டர் நகரும் என்று கணக்கிடுங்கள்.

2. அதே வண்டியில் ஏ.டபிள்யூ. ஹப் பொருத்தினால் மூன்று கியரிலும் எவ்வளவு நகரும்?

3. ஹப்பினுள் கிரீஸ் வைக்கக்கூடாது, பால்ரஸ்களுக்கு வைக்கலாம். ஏன்?

4. கேபிள் அறுந்த வண்டி எந்தக் கியரில் ஓடும்? முழு இறுக்கத்தில் கேபிள் இருப்பது எந்தக் கியரில் என்று இதிலிருந்து ஊகிக்க முடியுமா?

5. வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவர் முதலில் ஓட்டிய சைக்கிளைப் பற்றிக் கேட்டு, ஒரு பக்க அளவில் எழுதுங்கள்.

விடைகளை அடுத்த ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்தில் கொண்டுவந்து காட்டும் மாணவர்களுடன் அமர்ந்து திருத்தித் தருவோம். சீர்செய்ய வண்டி வைத்திருந்து கருவி இல்லாதவர்களும் அன்றே வரலாம். வஸ்ஸலாம்.